காவிரிப் படுகையும் இலங்கையும்: தொலைவும் பயண நேரமும்

‘அந்த ஊர் எவ்வளவு தூரம்?’ என்ற வினாவுக்கு நம் முன்னோர் பெரும்பாலும் நேரத்தையே விடையாகத் தந்தனர். ‘ஒரு நாள் நடை’, ‘வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்’, ‘கூப்பிடு தூரம்’ என்பன போன்ற வழக்குகள் இன்றும் நம் கிராமங்களில் வாழ்கின்றன. அரபு மொழியிலும் ‘மர்ஹலா’ என்னும் சொல் ஒரு நாள் பயணத்தைக் குறிக்கும். பயணத்தில் இருப்போர் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கான எல்லையை ஆராய்ந்த சட்ட அறிஞர்கள் நாள் கணக்கையும் மைல் கணக்கையும் சேர்த்தே வைத்துப் பேசியுள்ளனர். தொலைவு என்பது நிலத்தை மட்டும் சார்ந்ததன்று, போகும் மனிதனின் நிலையையும் சார்ந்தது என்ற தெளிவு இவ்வழக்குகளில் அமைந்திருக்கிறது.

விமானம் வந்தபின் இக்கணக்கு மாறிவிட்டது. திருச்சிராப்பள்ளியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம் என்கிறோம். தஞ்சையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்வதைவிட அயல்நாட்டுத் தலைநகருக்குச் செல்வது எளிது என்றும் எண்ணுகிறோம். இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? அந்த ஒரு மணி நேரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது? அதே கடலைக் கடக்கச் சில காலங்களில் ஓர் இரவும், சில காலங்களில் பல நாள்களும் தேவைப்பட்டது ஏன்? இவ்வினாக்களுக்கு இக்கட்டுரையில் விடை காண முயல்வோம்.

வரைபடம் காட்டும் தொலைவு

முதலில் நிலநூல் காட்டும் தொலைவைக் காண்போம். பூமியின் அட்சக்கோடுகளுக்கு இடையே ஒரு பாகை என்பது அறுபது கலைகளாகப் பகுக்கப்படும். வடக்குத் தெற்காக ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல்மைல் நகர்ந்ததாகும். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். இந்த ஒரு விதியை அறிந்தால் பள்ளி மாணவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு கடல்வழித் தொலைவை ஓரளவு கணித்துவிடலாம்.

காவிரிப் படுகைக்கு இதில் ஒரு வசதி உண்டு. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில், அதாவது வடக்கு 10 பாகை 46 அல்லது 47 கலையை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக அமைந்துள்ளன. யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வட கரையில் உள்ள காங்கேசன்துறை 9 பாகை 49 கலையில் உள்ளது. நாகப்பட்டினத்துக்கும் அதற்கும் வேறுபாடு 57 கலை. சற்றுக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 58 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 107 கிலோமீட்டர் வருகிறது.

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம் 7 பாகை 11 கலையில் உள்ளது. திருச்சி விமான நிலையத்தினின்று தெற்கே 215 கடல்மைல், கிழக்கே ஏறத்தாழ 70 கடல்மைல். செங்கோண முக்கோண விதிப்படி இவ்விரண்டையும் கூட்டினால் நேர்த்தொலைவு 226 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இதே முறையில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் திருச்சியிலிருந்து ஏறத்தாழ 185 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னை விமான நிலையமோ திருச்சியிலிருந்து 290 கிலோமீட்டருக்கு மேல்.

இவ்வெண்களை ஒப்புநோக்கும்போது நாம் வழக்கமாக நினைத்துப் பாராத சில உண்மைகள் புலனாகின்றன. தஞ்சாவூரிலிருந்து மதுரை நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் 160 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி எவ்வளவு தொலைவோ ஏறக்குறைய அவ்வளவே யாழ்ப்பாணமும். கோடியக்கரையில் நிற்பவருக்குத் தஞ்சாவூரைவிடக் காங்கேசன்துறையே அண்மையானது. இடையே இருக்கும் பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பெருங்கப்பல்கள் இதனுள் புக இயலாமல் இலங்கையைச் சுற்றிச் செல்கின்றன. சிறு கலங்களுக்கோ இது நெடுங்காலமாகப் பழகிய வழி.

வானில் செல்லும் நேரம்

இனி விமானப் பயண நேரத்துக்கு வருவோம். கொழும்புத் தடத்தில் பறக்கும் ஜெட் விமானம் உயரத்தில் சீராகச் செல்லும்போது மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அவ்வாறாயின் 420 கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம் போதுமன்றோ? பயணச்சீட்டில் ஒரு மணி நேரம் என்று குறிப்பதேன்?

காரணங்கள் பல. விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தவுடன் முழு வேகம் பெறுவதில்லை. குறைந்த வேகத்தில் மேலேறி, உயரம் எய்தியபின் சிறிது நேரமே முழு வேகத்தில் சென்று, மீண்டும் வேகம் தணிந்து இறங்கத் தொடங்குகிறது. குறுந்தொலைவுப் பயணத்தில் ஏற்றமும் இறக்கமுமே பெரும்பகுதி. மேலும் அது வரைபடத்தின் நேர்கோட்டில் செல்வதில்லை. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்துள்ளது. எழுந்த விமானம் திரும்பி, வகுக்கப்பட்ட வான்வழியில் சேர்ந்து, இறங்கும் நிலையத்தின் ஓடுபாதைத் திசைக்கேற்ப வளைந்து இறங்க வேண்டும். இவை யாவும் சேர்ந்து வானில் இருக்கும் நேரம் ஏறத்தாழ முக்கால் மணி ஆகிறது.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் இதனினும் வேறு. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணம் முதல் மறு நிலையத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், அனுமதிக்குக் காத்திருப்பதும், இறங்கியபின் முனையத்துக்கு வருவதும் அதனுள் அடங்கும். எனவேதான் ஒரு மணி நேரம் எனக் குறிக்கின்றனர்.

யாழ்ப்பாணத் தடம் இதற்கு நல்ல சான்று. தொலைவு கொழும்பில் பாதிகூட இல்லை. ஆயினும் அங்குச் செல்லப் பயன்படும் ஏடிஆர் வகைச் சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவிலேயே செல்லும். ஏற்றம், இறக்கம், ஊர்தல் ஆகியவை தொலைவு குறைந்தாலும் குறைவதில்லை. ஆகவே 185 கிலோமீட்டருக்கும் பயணச்சீட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே காணப்படுகிறது.

காற்றின் பங்கையும் கூற வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் தலைக்குமேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலிய காற்று வீசும். கிழக்கு மேற்காகச் செல்லும் நெடும்பயணங்களில் இது நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். திருச்சி–கொழும்பு தடம் பெரிதும் வடக்குத் தெற்கானது. காற்று பக்கவாட்டில் படுவதாலும் பயணம் குறுகியதாலும் வேறுபாடு சில நிமிடங்களுக்கு மேல் போவதில்லை.

கடிகாரம் காட்டிய வேறுபாடு

பயண நேரத்தைக் கணக்கிடுவோர் இரு நாடுகளின் கடிகாரங்களையும் நோக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் நெடுங்காலம் ஒரே நேரத்தைக் கொண்டிருந்தன. 1996 மே மாதம் மின்தட்டுப்பாட்டை முன்னிட்டுப் பகலொளியைக் கூடுதலாகப் பயன்படுத்தக் கருதி, இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திற்று. அதே ஆண்டு அக்டோபரில் அவ்வேறுபாடு அரை மணியாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்கே திரும்பிற்று.

இதன் விளைவைப் பயணச்சீட்டில் கண்டிருக்கலாம். 1996ஆம் ஆண்டின் அந்த ஐந்து மாதங்களில் கொழும்பில் பத்து மணிக்குப் புறப்பட்டு ஒரு மணி நேரம் பறந்த விமானம், உள்ளூர்க் கடிகாரப்படி திருச்சியில் பத்து மணிக்கே வந்து நிற்கும். எதிர்த்திசையில் சென்றாலோ இரண்டு மணி நேரம் ஆனதாகத் தோன்றும். பறந்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான். இரு நாடுகளுக்கு இடையேயான நேர அட்டவணையைப் படிக்கும்போது, அச்சிடப்பட்ட இரு நேரங்களையும் அப்படியே கழித்துவிடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வீட்டிலிருந்து வீடு வரை

பயணியின் உண்மையான கணக்கு வீட்டு வாசலில் தொடங்கி மறு வீட்டு வாசலில் முடிவது. தஞ்சாவூரிலிருந்து கொழும்பிலுள்ள உறவினர் இல்லம் செல்பவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். திருச்சி விமான நிலையத்துக்குச் சாலைவழி ஒரு மணி நேரத்துக்கு மேல். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வந்துசேர வேண்டும் என்பது பொது அறிவுரை. விமானத்தில் ஒரு மணி. கட்டுநாயக்கவில் குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறவும் முக்கால் மணி. அங்கிருந்து கொழும்பு நகருக்குள் செல்லப் போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி. ஆக, ஏறத்தாழ ஏழு மணி நேரம். அவற்றுள் அவர் வானில் இருப்பது முக்கால் மணி மட்டுமே.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. நாளை இருமடங்கு வேகமுள்ள விமானம் வந்தாலும் இப்பயணத்தில் இருபது நிமிடமே மிச்சமாகும். சோதனைகளும் காத்திருத்தலும் செம்மையுற்றால் இரண்டு மணி நேரம் மிச்சமாகும். கடலின் அகலம் இப்பயணத்தில் மிகச் சிறிய பங்கையே பெறுகிறது. மீதியெல்லாம் சாலை, முனையம், முத்திரை ஆகியவற்றின் நேரம். அவற்றுக்கு முன்னே கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் பெறக் கழியும் நாள்கள் வேறு.

வழி இருந்த காலமும் இல்லாத காலமும்

இம்முத்திரைகளின் வரலாற்றையும் சற்றே நோக்குவோம். காவிரிப் படுகையின் முதல் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்தையும் திருச்சியையும் இணைத்தது. இரயில் தொடக்கத்திலேயே கடலை நோக்கி அமைந்தது என்பது கருதத்தக்கது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை முப்பது கிலோமீட்டர் அளவுள்ள கடலைக் கடக்க நீராவிக் கப்பல், பின் கொழும்பு வரை மீண்டும் இரயில் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. மக்கள் இதனைப் ‘போட் மெயில்’ என்றனர். ஒரே பயணச்சீட்டில் இரயிலும் கப்பலும் அடங்கின. வணிகரும், தோட்டத் தொழிலாளரும், புலவரும், யாத்திரிகரும் அவ்வழியே சென்றுவந்தனர்.

1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர்ப் பலாலியிலிருந்து திருச்சிக்கும் விமானம் வந்துபோயிற்று. ஆனால் விமானம் வந்த அதே காலத்தில்தான் வேறொரு தொலைவும் தோன்றிற்று. 1948இல் இலங்கை விடுதலை பெற்றதும் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் அதுவரை ஊர்ப்பயணமாக இருந்ததை அயல்நாட்டுப் பயணமாக மாற்றின. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என முடிவாயிற்று. பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர் ஒருவழிப் பயணிகளாகக் கப்பலேறினர். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கு வந்துகொண்டிருந்த இரயிலையும் கடல் கொண்டது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. 1983 கலவரத்துக்குப் பின் உள்நாட்டுப் போர் மூண்டபோது அச்சேவையும் நின்றது.

அடுத்து வந்த ஆண்டுகளில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்ன ஆயிற்று? முறையாகச் செல்ல விரும்பியவர் திருச்சியிலிருந்து கொழும்புக்கு 420 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. 185 கிலோமீட்டர் 820 ஆயிற்று. போரினால் வடக்குச் சாலை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில் அதுவும் இயலவில்லை. மறுபுறம், உயிர் காக்கப் படகேறிய ஏதிலியர் ஓர் இரவிலேயே இராமேசுவரக் கரையை அடைந்தனர். சட்டவழி மிக நீண்டும் அச்சத்தின் வழி மிகக் குறுகியும் இருந்த காலம் அது.

போர் 2009 மே மாதம் முடிவுற்றது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தொடங்கிய கப்பல் சேவை அவ்வாண்டு முடியுமுன்னரே நின்றுபோயிற்று. 2014 அக்டோபரில் கொழும்பு இரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைக்கு விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. பெருந்தொற்றால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் ‘செரியாபாணி’ என்னும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. மணிக்குப் பதினைந்து கடல்மைல் செல்லும் கலத்துக்கு இது நான்கு மணி நேர வழி. வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கியதால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கிற்று. நம் சம்பா வயல்களுக்கு நீர் தரும் அதே மழைக்காலம் இக்கப்பல் வழியை அடைக்கிறது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானமும் பறக்கத் தொடங்கிற்று.

நூல்கள் கடந்த கடல்

தமிழ் பயிலும் நமக்கு இக்கடல்வழி வேறொரு வகையிலும் உரியது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அங்கே கல்லூரி ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையருடன் பழகினார். மட்டக்களப்புப் பகுதியில் தோன்றிய விபுலாநந்த அடிகளின் யாழ்நூலைத் தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 ஜூனில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தொகுத்தாராய்ந்த இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் 1973இல் திருச்சியிலும் 1979இல் கொழும்பிலும் கூடின. பயணம் எளிதாயிருந்தபோது அறிவும் எளிதில் கடந்தது. வழி அடைபட்ட ஆண்டுகளில் அக்கரையில் அச்சான நூல்கள் நம் நூலகங்களுக்கு வருதல் அரிதாயிற்று. ஒரு தலைமுறை மாணவர் ஈழத்து எழுத்தைப் பெயரளவிலேயே அறிந்தனர்.

குடும்பங்களின் இழப்பு இதனினும் பெரிது. நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் திருநள்ளாற்றுக்கும் இலங்கையிலிருந்து வருவோர் பலர். நம் கடற்கரை ஊர்களுக்கும் கொழும்புக்கும் இடையே கொண்டும் கொடுத்தும் வளர்ந்த உறவுகள் உண்டு. இறந்தோரைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வது இஸ்லாமிய மரபு. காலையில் அக்கரையில் ஒரு தாய் மறைந்தால், மாலைக்குள் இக்கரையிலுள்ள மகன் சென்று சேர முடியுமா? அவன் முன்னே இருப்பது முக்கால் மணி வான்பயணம். ஆனால் அன்று விமானம் உண்டா, அதில் இடம் உண்டா, கையில் செல்லத்தக்க கடவுச்சீட்டு உண்டா, அனுமதி அன்றே கிடைக்குமா என்ற நான்கு வினாக்களுக்கும் ‘ஆம்’ என்ற விடை அமைந்தால்தான் அவன் ஜனாஸாவில் கலந்துகொள்ள இயலும். ஒன்று தவறினும் ஓராயிரம் கல் தொலைவிலிருப்பவனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை.

நிறைவாக

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், தொலைவில் மூன்று உண்டு. ஒன்று, நிலநூல் அளக்கும் தொலைவு, இது மாறுவதில்லை. இரண்டாவது, ஊர்தியின் வேகத்தால் அமைவது. நீராவிக் கப்பலிலிருந்து விமானம் வரை இது சுருங்கிக்கொண்டே வந்துள்ளது. மூன்றாவது, சட்டமும் அமைதியும் அரசுகளின் இணக்கமும் வகுப்பது. இது சுருங்கவும் செய்யும், திடீரென விரியவும் செய்யும். திருச்சிக்கும் கொழும்புக்கும் ஒரு மணி நேரம் என்னும்போது நாம் இரண்டாவதை மட்டுமே கூறுகிறோம்.

திறந்த வழிகள் மீண்டும் அடைபடாதிருத்தல் இரு கரை அரசுகளின் கையிலும் மக்களின் பயன்பாட்டிலும் உள்ளது. மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. போட் மெயிலில் சென்றவரும், தலைமன்னாரில் கப்பலேறியவரும், போர்க்காலத்தில் படகில் வந்தவரும் நம் ஊர்களில் இன்னும் வாழ்கின்றனர். எந்த ஆண்டு, எந்த வழி, எத்தனை மணி நேரம், கையில் என்ன தாள் என்று அவர்களைக் கேட்டு எழுதி வைத்தால், எந்த வரைபடத்திலும் காணாத தொலைவுக் கணக்கு ஒன்று நம் கல்லூரி நூலகத்தில் சேரும். அப்பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குதல் நலம்.